ஐந்து விதமான தாமதம்

அந்தச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் இருபத்திரண்டு பெண்களுக்கும் அவள் அண்ணிதான். உண்மையில் அவள் அண்ணியானது ஒரே ஒருத்திக்கு, கணவரின் தங்கைக்கு. அந்த நாத்தனார் ஆறு வருடத்துக்கு முன்னால் அண்ணியின் சிபாரிசில் அங்கே வேலைக்குச் சேர்ந்து, "அண்ணி, அண்ணி" என்று கூடம் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்ததில் மற்றவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. அறுபது வயதில் அழுக்குத் துணி பிரித்துப் போடுகிற அம்மாகூட அண்ணி என்றுதான் கூப்பிடுவார். மேனேஜர் மட்டும் 'இன்சார்ஜ்' என்பார். காலை ஷிப்டுக்கு அவள்தான் பொறுப்பு.

இன்சார்ஜாக இருந்தது போதும், சூப்பர்வைசர் ஆகிவிட வேண்டும் என்பது அண்ணியின் மூன்று வருடத்து ஆசை. பேராசை எல்லாம் இல்லை. இன்சார்ஜுக்கு நிற்கிற வேலை, சூப்பர்வைசருக்கு நாற்காலி. பதினான்கு வருடம் ஈரத் தரையில் நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. போன தடவை அந்த இடம் காலியானபோது நேர்காணலுக்குப் போனாள். வேலையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னாள். எழுத்துத் தேர்வில்தான் கவிழ்ந்தாள். கொடுத்த ஆங்கிலச் சொல்லுக்கு அதே பொருள் தரும் வேறு சொல்லை எழுதச் சொல்லி ஐம்பது கேள்வி. அண்ணிக்குத் தெரிந்தது பன்னிரண்டு. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஆபீஸ் மேடம் விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், "வேலை தெரிஞ்சவங்கதான். இங்கிலீஷ்தான் மூணாங்கிளாஸ் பிள்ளை எழுதின மாதிரி இருக்கு" என்று சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது. மேடம் கெட்ட மனுஷி இல்லை. மெதுவாகப் பேசத் தெரியாத மனுஷி, அவ்வளவுதான். ஆனால் அண்ணிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பழைய புத்தகக் கடையில் ஒரு தடிப் புத்தகம் வாங்கினாள். மேலட்டை கிழிந்து போயிருந்தது, எழுதியவர் யாரென்று தெரியாது. உள்ளே பக்கத்துக்கு ஐந்து சொல், ஒவ்வொன்றுக்கும் பொருள், அதன் கீழே அதன் உறவுக்காரச் சொற்கள். முதல் பக்கத்திலேயே ஒரு கட்டளை: ஒருமுறை எழுதிய சொல்லை மறுபடி எழுதாதே, அதன் உறவுக்காரரைக் கூப்பிடு. கற்ற சொல்லை அன்றாட வேலையில் போட்டுப் பழகு. அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பிடித்தால் விடுகிற ஜாதி அவள் இல்லை.

வீடே மாறிப்போனது. குளியலறைக் கதவில் 'கோபம்' குடும்பம். கண்ணாடி ஓரத்தில் 'அழகு' குடும்பம். அடுப்புக்கு மேலே ஆவி பட்டு மை கரைந்த 'சோர்வு' குடும்பம். பஸ் ஓட்டுகிற கணவர் சாயங்காலம் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே புத்தகத்தைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துக் கேள்வி கேட்பார்.

"பெரிசுக்கு அஞ்சு சொல்லு."

"லார்ஜ், ஹியூஜ், வாஸ்ட், இம்மென்ஸ்..."

"இன்னொண்ணு?"

"கொலாசல்."

"என்னது, வயித்துவலிக்கு வைச்ச பேர் மாதிரி இருக்கு."

"உங்களுக்கு எல்லாம் வயிறுதான். அடுத்ததைக் கேளுங்க."

மனுஷர் கிண்டல் பண்ணுவாரே தவிர, ஒரு நாள்கூடக் கேள்வி கேட்காமல் படுத்ததில்லை. ஒரு வருடத்தில் அவருக்கே இருநூறு சொல் வந்துவிட்டது. ஒருநாள் பஸ்ஸில் படியில் தொங்கியவனைப் பார்த்து 'ரெக்லெஸ்' என்று கத்திவிட்டு வந்ததை மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலையில் போட்டுப் பழகு என்று புத்தகம் சொன்னதல்லவா? அண்ணிக்கு வேலையில் எழுத்து என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், மெஷின் பதிவு. தினமும் ஷிப்டு தொடங்கும் முன் ஒவ்வொரு மெஷினையும் ஓட்டிப் பார்த்து, ஏதாவது கோளாறு இருந்தால் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். எந்த மெஷின், என்ன கோளாறு, கோளாறுக்கு ஒரு சொல், கீழே விருப்பப்பட்டால் ஒரு வரி. அண்ணிக்கு முன்னால் இருந்த இன்சார்ஜ் ஒரு கஞ்சன். ஒழுகினால் 'லீக்', சத்தம் வந்தால் 'நாய்ஸ்'. பத்து வருடமும் அதே நாலைந்து சொல். பாவம், மனுஷருக்கு அவ்வளவுதான் தெரியும் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். தண்ணீர் ஒழுகியதற்கு அவள் ஒருநாள் 'சீப்பேஜ்' போட்டாள், மறுநாள் 'டிரிப்பிங்' போட்டாள், அதற்கடுத்த வாரம் 'ஊஸிங்' போட்டாள். போட்ட அன்றைக்கெல்லாம் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. மாடியிலிருந்து ஆபீஸ் மேடமே ஒருநாள் கீழே இறங்கி வந்து, "உங்க பதிவு இப்பெல்லாம் படிக்கவே நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த நேரத்தில்தான் சூப்பர்வைசர் இடம் மறுபடி காலியானது. அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தேர்வும் நேர்காணலும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு மாதம் இருந்தது.

அந்த ஒரு மாதத்தில் இஸ்திரி ரோலர் கொஞ்சம் முரண்டு பண்ணியது. இஸ்திரி ரோலர் என்றால் இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்குச் சூடான உருளை. ஈரமான படுக்கை விரிப்பை இரண்டு பெண்கள் முனையைப் பிடித்து உள்ளே கொடுத்தால், மறுபக்கம் காய்ந்து மடிப்பில்லாமல் வெளியே வரும். கை உள்ளே போய்விடக் கூடாதென்று முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. கம்பியில் கை பட்டால் ரோலர் அந்த நொடியே நின்றுவிட வேண்டும். காலையில் ரோலர் சூடேறும் நேரத்தில் அண்ணி ஒரு மரக்கட்டையால் கம்பியைத் தட்டிப் பார்ப்பாள். பல நாள் பட்டென்று நின்றது. சில நாள் ஒரு சாண் உருண்டுவிட்டு நின்றது. நிற்காமல் இல்லை, நின்றது, கொஞ்சம் ஆறப்போட்டு நின்றது.

அண்ணி விட்டுவிடவில்லை. பொறுப்பாக எழுதினாள். முதல் தடவை 'டிலே'. ஐந்து நாள் கழித்து மறுபடி அப்படி ஆனபோது 'ஸ்லகிஷ்'. சோம்பல்காரன் எழுந்திருக்கிற மாதிரி நிற்கிறது என்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டாள். மூன்றாவது தடவை 'லேக்', அதாவது பின்தங்கல். நான்காவது தடவை 'டார்டி'. பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்து வருகிற பிள்ளைக்குச் சொல்கிற சொல் அது என்று புத்தகத்தில் இருந்தது, மெஷினும் ஒரு பிள்ளைதானே என்று போட்டாள். ஐந்தாவது தடவை கையிருப்புத் தீர்ந்துபோய், மதியம் வீட்டுக்கு வந்து தேடிப்பிடித்து மறுநாள் 'பிலேட்டட்' என்று பதிந்தாள். ரிப்பேருக்கு ஏன் இன்னும் ஆள் வரவில்லை என்று இடையில் ஒரு தடவை தோன்றியது. மெக்கானிக் பார்த்திருப்பார், பெரிதாக ஒன்றும் இருக்காது என்று விட்டுவிட்டாள். ரோலரில் எப்போதும் போல நாத்தனாரையே நிறுத்தினாள். அவள் கைதான் அங்கே வேகம்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நாத்தனார் ஒரு விரிப்பின் ஓரத்தில் விழுந்த சுருக்கத்தை இழுத்துவிடக் கை நீட்டினாள். ஆறு வருடமாகத் தினம் ஐம்பது தடவை செய்கிற காரியம். மணிக்கட்டு கம்பியில் பட்டது. ரோலர் ஒரு சாண் உருண்டுவிட்டு நின்றது.

கூடத்தில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணிதான் ஓடிவந்து ரோலரைப் பின்னால் திருப்பிக் கையை வெளியே எடுத்தாள். வலது கையில் மூன்று விரல், நசுங்கியும் வெந்தும். நாத்தனார் அழவில்லை, கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், விரல் போகாது, ஆனால் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்.

புதன்கிழமை காலையில் அண்ணி நேராக மெக்கானிக்கிடம்தான் போனாள். ஸ்பானர் என்று எல்லோரும் கூப்பிடுகிற மனுஷர் அவர். அளந்து பேசுவார்.

"அஞ்சு தடவை எழுதினேன். அஞ்சு தடவை. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உங்களுக்கு?"

ஸ்பானர் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். கோளாறுப் பட்டியலைத் திறந்தார்.

"இதுல எங்கம்மா சிவப்பு இருக்கு?"

"என்ன சிவப்பு?"

"ஒரே மெஷினுக்கு ஒரே சொல் முப்பது நாளைக்குள்ள மூணு தடவை வந்தா வரி சிவப்பாயிடும். சிவப்பாச்சுன்னா நான் மெஷினை நிறுத்திப் பிரிச்சே ஆகணும். ஒரு தடவை வந்ததுக்கெல்லாம் பிரிச்சா இந்தக் கூடம் ஓடாது. உங்களுக்கும் ட்ரெய்னிங்ல சொன்னாங்களே."

சொல்லியிருப்பார்கள். நாற்பது விஷயத்தில் நாற்பத்தொன்றாகச் சொல்லியிருப்பார்கள்.

"படிச்சுப் பாத்திருந்தா எல்லாம் ஒண்ணுன்னு தெரிஞ்சிருக்குமே."

"எனக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்? நான் நிறத்தைத்தான் படிப்பேன்" என்றார் ஸ்பானர். பிறகு திரையில் ஐந்து வரியையும் விரலால் தொட்டுக் காட்டி, "இதெல்லாம் ஒண்ணா?" என்று கேட்டார்.

அண்ணி தலையாட்டினாள். பழைய இன்சார்ஜ் பத்து வருடம் ஏன் ஒரே சொல்லை எழுதினார் என்பது இப்போது புரிந்தது. அந்தக் கஞ்சத்தனம்தான் பத்து வருடம் எல்லோர் கையையும் காப்பாற்றியிருக்கிறது. 

அன்று மாலை கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தங்கை கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி மூன்றாம் வருடமே தனியாக வந்து நிற்கிறவள், கையை நம்பித்தான் பிழைப்பு, இனி என்ன செய்வாளோ என்றார். பேச்சு ஓய்ந்ததும், பழக்கதோஷத்தில் புத்தகத்தை எடுத்தார். "வெள்ளிக்கிழமை வருதே. கேக்கட்டுமா?"

"இன்னைக்கு வேண்டாங்க."

"ஏன்?"

"தலை வலிக்குது."

அவள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் திட்டமாட்டார், அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. மேனேஜர் அறையில் மேனேஜர், ஆபீஸ் மேடம், ஸ்பானர், அண்ணி. மறுநாள் நேர்காணல் நடத்தப் போகிறவர்களும் அதே மேனேஜரும் மேடமும்தான். மேஜையில் தட்டச்சு செய்த ஒரு தாள் தயாராக இருந்தது.

"கம்பியை நேத்து பத்து தடவை தட்டிப் பாத்தோம், பத்து தடவையும் உடனே நின்னுச்சு" என்றார் மேனேஜர். "பதிவுலயும் இந்த மெஷினுக்குத் திரும்பத் திரும்ப வர்ற கோளாறு எதுவும் இல்லை. அவசரத்துல கையை விட்டுட்டாங்க. கவனக்குறைவு. இன்சார்ஜ், நீங்க சாட்சிக் கையெழுத்து போடுங்க. கீழ நாலு வரி உங்க வார்த்தையில எழுதிடுங்க, நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

கவனக்குறைவு என்று முடிந்தால் அங்கே என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாத்தனாருக்கு வேலை போகும். வைத்தியச் செலவு அவள் தலையில். விரல் மடங்காத கையோடு வேறு எங்கே போய் நிற்பாள்?

அண்ணி பேனாவைக் கையில் எடுத்தாள். உண்மையைச் சொல்வதென்றால், மறைத்து என்ன பயன், அவள் பேனாவை எடுத்தது கையெழுத்துப் போடத்தான். ஒரு கையெழுத்து. நாளைக்கு நாற்காலி. சூப்பர்வைசர் ஆகிவிட்டால் நாத்தனாரைத் தானே பார்த்துக்கொள்ளலாம், வீட்டோடு வைத்துக்கொள்ளலாம், கை ஆறியதும் வேறு எங்காவது சொல்லி வைக்கலாம் என்று மனது என்னென்னவோ கணக்குப் போட்டது. தாளில் 'கேர்லெஸ்' என்று இருந்தது. அந்தச் சொல்லின் உறவுக்காரர் எட்டுப் பேரையும் அவளுக்கு வரிசையாகத் தெரியும். எட்டில் எதைப் போட்டாலும் அது நாத்தனாருக்குப் பொருந்தாது. ஆறு வருடத்தில் ஒரு விரிப்பைக்கூடக் கிழித்தவள் இல்லை அவள்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"சார், பதிவுல இருக்கு. அஞ்சு தடவை இருக்கு."

"பாத்தேனே. அஞ்சும் வேற வேற கோளாறு, ஒவ்வொரு தடவைதான்."

"வேற வேற இல்லை சார். எல்லாமே லேட்டா நிக்குதுன்னுதான் அர்த்தம். நான்தான் அஞ்சு விதமா எழுதினேன்."

ஆபீஸ் மேடம் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். அவருக்குப் படித்ததும் புரிந்துவிட்டது, ஆங்கிலம் தெரிந்தவரல்லவா. "ஒரே கோளாறுக்கு எதுக்கு இப்படி மாத்தி மாத்தி எழுதினீங்க?"

"நல்லா இருக்கணும்னு எழுதினேன் மேடம். நீங்க படிப்பீங்கன்னு எழுதினேன்."

மேடம் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்தான் கீழே இறங்கி வந்து பாராட்டியவர்.

மேனேஜர் நாற்காலியில் முன்னால் சரிந்தார். "என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? தப்பு அவங்ககிட்ட இல்லைன்னா உங்ககிட்ட வரும். நாளைக்கு உங்களுக்கு இன்டர்வியூ."

"தெரியும் சார். இந்தத் தாள்ல நான் கையெழுத்து போடமாட்டேன். அவ மேல தப்பில்லை."

ஸ்பானர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சிவப்பு வந்திருந்தா பிரிச்சிருப்பேன் சார். உள்ள ஒரு ஸ்பிரிங் தளர்ந்து போயிருக்கு. ரோலர் சூடானா அது இழுக்க மாட்டேங்குது. நேத்து ஆறிப்போன ரோலரைத் தட்டிப் பாத்தா நிக்கத்தான் செய்யும். மாத்தறதுக்குக் கால் மணி நேரம் ஆகும்." அவர் அண்ணிக்கு ஆதரவாகத்தான் அதைச் சொன்னார். அந்தக் கால் மணி நேரம் அண்ணியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

முடிவு அரை மணி நேரத்தில் வந்தது. நாத்தனார் மீது தவறில்லை. வைத்தியம் நிர்வாகத்தின் பொறுப்பு, கை ஆறும்வரை சம்பளத்தோடு விடுப்பு, திரும்பி வந்தால் கைக்கு ஏற்ற வேலை. இன்சார்ஜ் மறுநாள் தேர்வுக்கு வர வேண்டியதில்லை. அடுத்த வாரத்திலிருந்து பதிவு எழுதுவதும் வேறு ஒருவர். அண்ணி மடிக்கிற மேஜைக்குப் போக வேண்டும்.

அவளுக்கு அழுகை வரவில்லை. உண்மையில், மாடிப்படி இறங்கும்போது மனது லேசாகக்கூட இருந்தது. மூன்று வருட ஆசையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள், சும்மாவா? நல்லது செய்துவிட்டோம் என்ற நிறைவு இருக்கத்தானே செய்யும். ஷிப்டு முடிந்ததும் இரண்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நாத்தனார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார்கள். அண்ணி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். புத்தகத்திலிருந்து ஆரம்பித்து, ஐந்து சொல், சிவப்பு வரி, ஸ்பிரிங், தாள், கையெழுத்துப் போடாதது, நாற்காலி போனது, எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு ஆப்பிளை நறுக்கக் கத்தியை எடுத்தாள்.

நாத்தனார் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டாள்.

"வேலை போகாதுல்ல எனக்கு?"

"போகாது. எழுதியே குடுத்துட்டாங்க."

"நல்லதாப் போச்சு அண்ணி." பிறகு, "அஞ்சு தடவையா லேட்டா நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அஞ்சு தடவையும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதான் எழுதினேனே, அஞ்சையும் எழுதினேன். நான் மட்டும் மாத்தி எழுதாம இருந்திருந்தா..."

"அதை விடுங்க. கம்ப்யூட்டர்ல என்ன எழுதினா எனக்கென்ன, நான் அதைப் படிக்கப்போறேனா?" நாத்தனாரின் குரலில் கோபம் இல்லை. அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "எழுதிட்டு நேரா வந்து என்னைத்தானே ரோலர்ல நிறுத்துவீங்க. தினமும் பத்தடி தள்ளித்தானே நின்னேன். எங்கிட்ட ஏன் சொல்லலை?"

 இரண்டு நாளாக அண்ணி எந்தச் சொல்லை எழுதியிருக்க வேண்டும் என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவள் மனதில் ஒரு தடவைகூட வரவில்லை. எழுதி முடித்ததும் காரியம் முடிந்துவிட்டதாகத்தான் ஐந்து தடவையும் நினைத்திருந்தாள். ஐந்து தடவையும் இவள் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த வெட்கம் இப்போது மொத்தமாக வந்தது.

"தோணலை" என்றாள். கத்தியை வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "தோணவே இல்லைம்மா எனக்கு."

நாத்தனார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமாதானம் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"சொல்லியிருந்தீங்கன்னா கையைத் தள்ளியே வைச்சிருப்பேன்" என்றாள்.

"வைச்சிருப்பே" என்றாள் அண்ணி.